நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, சோதனை மட்டும் தோற்கிறது: கிட் 2.51-உம் பரிசோதனை அம்சங்களும்

வேர்க்கிளை:
வணக்கம். பிழை அறிக்கை எழுதுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். யாரிடம் புகார் செய்வது என்பதே எனக்குத் தெளிவாகவில்லை.

கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் மென்பொருள்) களஞ்சியத்தைப் பார்த்து, கிளைப் பெயரையும் கடைசி டேக்கையும் (பதிப்புக் குறி) வைத்து வெளியீட்டுக்கான பதிப்புப் பெயரை உருவாக்கித் தரும் சிறிய கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதன் பராமரிப்பாளர் நான் அல்ல. மூல நிரலை எடுத்துத் தொகுத்து, சோதனைகளை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவுவது வழக்கம். இந்த முறை ஒரு சோதனை தோற்றுவிட்டது. அந்தச் சோதனை செய்வது இவ்வளவுதான்: தற்காலிகக் கோப்புறையில் புதுக் களஞ்சியம் ஒன்றை ‘மெயின்’ என்ற கிளையோடு உருவாக்கி, ஒரு கமிட் (மாற்றப் பதிவு) போட்டு, கருவியிடம் கிளைப் பெயரைக் கேட்கிறது. ‘மெயின்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘.இன்வாலிட்’ என்று வருகிறது.

கருவியின் நிரல் மாறவில்லை. அவர்களின் தானியங்கிச் சோதனைச் சேவையகத்தில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. என் பக்கம் மாறியது ஒன்றே ஒன்று: கிட் 2.50-இலிருந்து 2.51-க்கு வந்தேன். பழையதற்குத் திரும்பினால் சோதனை தேறுகிறது. அப்படியானால் இது கிட்டின் பிழை என்று எழுதிவிடலாமா?

கட்டளைவரி:
இப்போதே எழுதிவிடாதீர்கள். சோதனை முடிந்ததும் தற்காலிகக் கோப்புறை அழிந்துவிடாதபடி நிறுத்திவைத்து, உள்ளே கிட் தன் விவரங்களை வைக்கும் புள்ளி-கிட் கோப்புறையில், எந்தக் கிளையில் நிற்கிறோம் என்று சொல்லும் ‘ஹெட்’ கோப்பைத் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் கிட் அமைப்புகளை, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதோடு சேர்த்துப் பட்டியலிடுங்கள். ‘கிட் கான்ஃபிக்’ கட்டளைக்கு ‘ஷோ-ஆரிஜின்’ என்ற தெரிவைச் சேர்த்தால் போதும். பட்டியலை அப்படியே இங்கே ஒட்ட வேண்டாம். தொலைக் களஞ்சிய முகவரிகளுக்குள் கடவுச்சொல்லோ டோக்கனோ ஒளிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேர்க்கிளை:
பார்த்தேன். ‘ஹெட்’ கோப்பில் இருப்பது ‘ரெஃப்: ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/.இன்வாலிட்’ என்ற ஒற்றை வரி. கருவி அந்த வரியின் வாலைத்தான் அப்படியே திருப்பித் தந்திருக்கிறது. அதைவிட விசித்திரம், வழக்கமாகக் கோப்புறையாக இருக்கும் ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்’ இங்கே வெறும் கோப்பாக இருக்கிறது. திறந்தால், இந்தக் களஞ்சியம் ரெஃப்டேபிள் வடிவத்தை (கிளை, டேக் விவரங்களைத் தனித்தனிச் சிறு கோப்புகளாக அல்லாமல் அட்டவணையாகச் சேர்த்துவைக்கும் புது முறை) பயன்படுத்துகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்திலேயே ‘ரெஃப்டேபிள்’ என்ற புதுக் கோப்புறை.

ஆனால் ரெஃப்டேபிள் வேண்டும் என்று நான் எங்கேயும் கேட்கவில்லை. அமைப்புப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. கண்ணில் படும்படி இருப்பது என் பொது அமைப்புக் கோப்பில் உள்ள ‘ஃபீச்சர்.எக்ஸ்பெரிமென்டல் = ட்ரூ’ மட்டும்தான். பெரிய களஞ்சியங்களிலிருந்து தரவு இழுப்பது வேகமாகும் என்பதற்காக வைத்தது. 2.50-இலும் அதே வரி இருந்தது.

பழையமரம்:
ஆள் அகப்பட்டுவிட்டார். அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. அதன் பொருள்தான் மாறிவிட்டது.

‘ஃபீச்சர்.எக்ஸ்பெரிமென்டல்’ என்பது தனி அம்சம் அல்ல, ஒரு மூட்டை. பின்னாளில் எல்லோருக்கும் இயல்புநிலையாக்கலாம் என்று கிட் உருவாக்குநர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் அமைப்புகளை அதற்குள் போட்டுவைப்பார்கள். நீங்கள் தேடிப் போன வேகம், தரவு இழுக்கும்போது கமிட்டுகளைத் தாவித் தாவிப் பேரம் பேசும் முறையிலிருந்து வருகிறது. அதுவும் இந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவை நிலையானவை அல்ல. எந்தக் கிளையிலிருந்தும் டேக்கிலிருந்தும் எட்ட முடியாத பொருள்களைத் தனிப் பொதியில் சேர்த்துவைக்கும் அமைப்பு ஒரு காலத்தில் உள்ளே இருந்தது. 2.41-இல் அது எல்லோருக்கும் இயல்புநிலையாகி மூட்டையை விட்டு வெளியேறியது. 2025 ஆகஸ்டில் வந்த 2.51-இல் புதிதாக ஒன்று உள்ளே வந்தது: புதிய களஞ்சியங்கள் ரெஃப்டேபிள் வடிவத்தில் உருவாகட்டும் என்பது. சிறு பதிப்பு மாற்றத்தில்கூட இதன் உள்ளடக்கம் கூடலாம், குறையலாம், ஒன்றோடொன்று எதிர்பாராமல் மோதலாம் என்று ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே கிட்டின் பிழை என்று எழுதினால், ஆவணத்தின் அந்தப் பத்தியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கவனியுங்கள், ‘புதிய களஞ்சியங்கள்’. பழையவற்றை அது தொடவே இல்லை. அதனால்தான் நாள் முழுவதும் வேலை செய்யும் களஞ்சியங்களில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் களஞ்சியத்தைப் புதிதாகப் பெற்றெடுப்பவை சோதனைகள்தான். எனவே இந்த மாற்றம் முதலில் அவற்றில்தான் முட்டும்.

‘.இன்வாலிட்’ என்ற பெயரும் தற்செயலானது அல்ல. ஒரு கோப்புறை கிட் களஞ்சியம்தானா என்று பார்க்கும் பழைய கருவிகள் ‘ஹெட்’ கோப்பு இருக்கிறதா என்று தேடும். ஆகவே கோப்பு இருந்தே ஆக வேண்டும். ஆனால் உண்மையான தகவல் ரெஃப்டேபிளுக்குள் இருப்பதால், இந்தக் கோப்பை யாரும் நம்பிவிடவும் கூடாது. கிளைப் பெயரின் எந்தப் பகுதியும் புள்ளியில் தொடங்கக் கூடாது என்பது கிட்டின் விதி. எனவே ‘.இன்வாலிட்’ என்ற கிளை எந்தக் காலத்திலும் இருக்க முடியாது. இங்கே படிக்காதே என்று வைத்த பலகை அது. உங்கள் கருவி அந்தப் பலகையில் இருந்ததையே கிளைப் பெயர் என்று எடுத்துக்கொண்டது.

உறுதிப்படுத்த வேண்டுமானால், அந்தத் தற்காலிகக் களஞ்சியத்துக்குள் நின்று ‘கிட் ரெவ்-பார்ஸ்’ கட்டளையை ‘ஷோ-ரெஃப்-ஃபார்மட்’ தெரிவோடு ஓட்டுங்கள். ‘ரெஃப்டேபிள்’ என்று வரும்.

வேர்க்கிளை:
அப்படியே வருகிறது. பொது அமைப்பில் ‘இனிட்.டிஃபால்ட்ரெஃப்ஃபார்மட் = ஃபைல்ஸ்’ (பழைய வடிவமே வேண்டும்) என்று சேர்த்தேன், பரிசோதனை வரியை எடுக்காமலேயே சோதனை தேறிவிட்டது. என் வேலை நடந்துவிடும். ஆனால் கருவியின் பராமரிப்பாளர்களிடம் சொல்ல வேண்டாமா?

இரும்புப்பூட்டு:
சொல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். நானும் வேறொரு திட்டத்தைப் பராமரிப்பவன். இப்படி வரும் அறிக்கைகளைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. பரிசோதனை என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது, அதை இயக்கிவிட்டு ‘உங்கள் சோதனை தோற்கிறது’ என்று வந்து நிற்கிறார்கள். உலகத்தில் உள்ள ஒவ்வொருவரின் அமைப்புக் கோப்புக்கும் நான் பொறுப்பேற்க முடியுமா? எங்கள் சேவையகத்தில் பச்சை என்றால் எனக்கு அது போதும். இதை என்னிடம் கொண்டுவந்தால் ‘ஆதரவு இல்லை’ என்று முத்திரை குத்தி மூடிவிடுவேன்.

பழையமரம்:
மூடுங்கள், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான் மூடியிருக்கும். கிட் 3.0-இல் புதிய களஞ்சியங்களுக்கு ரெஃப்டேபிளே இயல்புநிலை என்று திட்டமிட்டு, அறிவித்தும் விட்டார்கள். மூட்டைக்குள் அதைப் போட்டதே அதற்கு முன் இப்படிப்பட்ட உடைசல்கள் வெளியே வரட்டும் என்பதற்காகத்தான். வேர்க்கிளை இன்று சொல்வதை அன்றைக்குப் புதிய களஞ்சியம் உருவாக்கும் எல்லோரும் சொல்வார்கள்.

இன்னொன்று. இது ரெஃப்டேபிளின் பிரச்சினை மட்டும்தானா? அந்தக் கருவி கிளைப் பெயரைக் கிட்டிடம் கேட்கவில்லை. புள்ளி-கிட் கோப்புறைக்குள் நேரடியாகக் கையை விட்டு ‘ஹெட்’ கோப்பைப் படிக்கிறது. கூடுதல் வேலைக் கோப்புறைகள் என்ற வசதி 2015-இல் கிட் 2.5-உடன் வந்துவிட்டது. அதில் புள்ளி-கிட் என்பது கோப்புறையே அல்ல, உண்மையான இடத்தைச் சுட்டும் ஒரு வரிக் கோப்பு. துணைக் களஞ்சியங்களிலும் அதே கதை. அங்கே இந்தக் கருவி என்ன செய்யும்? ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்’ கோப்புறையில் கிளைக் கோப்பைத் தேடும் நிரலும் இருக்குமானால் அதுவும் ஆட்டம்தான். கிட் துப்புரவு செய்யும்போது அந்தச் சிறு கோப்புகளை ‘பேக்ட்-ரெஃப்ஸ்’ என்ற ஒரே கோப்பில் சுருட்டிவிடும். இதில் எதிலும் பரிசோதனை இல்லை.

வேர்க்கிளை:
கூடுதல் வேலைக் கோப்புறையில் ஓட்டிப் பார்த்தேன், பரிசோதனை அமைப்பை முழுக்க அணைத்துவிட்டு. ‘ஹெட்’ கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிக் கருவி நின்றுவிடுகிறது.

இரும்புப்பூட்டு:
சரி, அது வேறு வழக்கு. அதற்கு அறிக்கை எழுதினால் நானும் திறந்துவைப்பேன். ஆனால் ‘பரிசோதனை அம்சத்தால் சோதனை தோற்கிறது’ என்ற தலைப்போடு வந்தால் படிக்கவே மாட்டேன்.

சோதனைக்குருவி:
இடையில் வருகிறேன். எனக்கு முதல் கேள்வியே வேறு: வேர்க்கிளையின் பொது அமைப்புக் கோப்பு அந்தச் சோதனைக்குள் எப்படி நுழைந்தது? யாருடைய கணினியில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துச் சோதனையின் விடை மாறக் கூடாது. கிட்டின் சொந்தச் சோதனைகளைப் பாருங்கள். ‘ஹோம்’ சூழல் மாறியையே தூக்கிக் குப்பைக் கோப்புறை ஒன்றைச் சுட்டவைத்துவிடும். பயனரின் அமைப்பு உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாது. மற்ற திட்டங்களுக்கு இன்னும் எளிது. 2021-இல் வந்த 2.32 முதல் ‘கிட்_கான்ஃபிக்_குளோபல்’, ‘கிட்_கான்ஃபிக்_சிஸ்டம்’ என்ற இரண்டு சூழல் மாறிகள் இருக்கின்றன. இரண்டையும் வெற்றுக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. பராமரிப்பாளருக்கு இந்தத் திருத்தத்தையே அனுப்புங்கள். சில வரிகள்தான்.

வேர்க்கிளை:
முயன்றேன். இப்போது கிளைப் பெயர்ச் சோதனை தேறுகிறது, அதுவரை தேறிக்கொண்டிருந்த வேறு சில தோற்கின்றன! ஒன்றில் கமிட் போடவே முடியவில்லை, நீ யார் என்று சொல் என்கிறது கிட். மற்றவற்றில் ‘மெயின்’ எதிர்பார்த்த இடத்தில் ‘மாஸ்டர்’.

கட்டளைவரி:
எதிர்பார்த்ததுதான். பயனர் பெயரும் மின்னஞ்சலும் உங்கள் பொது அமைப்பிலிருந்து இரவல் வந்துகொண்டிருந்தன. முதல் கிளையின் பெயரும் அப்படியே. 2.28-இல் அறிமுகமான அமைப்பில் எல்லோரும் ‘மெயின்’ என்று வைத்திருக்கிறார்கள், சேவையகத்திலும் யாரோ வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் கிட்டின் சொந்த இயல்புநிலை தலைகாட்டுகிறது. சோதனைகள் இத்தனை நாளும் எழுதியவரின் கணினியையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு தேறியிருக்கின்றன.

தீர்வு கடினம் அல்ல. கமிட் போடுபவரின் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றைச் சூழல் மாறிகளாகவே கொடுங்கள். களஞ்சியம் உருவாக்கும் இடத்தில் எல்லாம் கிளைப் பெயரை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதோடு, களஞ்சியம் எங்கே என்று கிட்டுக்குச் சொல்லும் ‘கிட்_டிர்’ என்ற மாறியையும் நீக்கிவிடுங்கள். கொக்கிகளை (கமிட் போன்ற கட்டங்களில் தானாக ஓடும் நிரல்களை) ஓட்டும்போது கிட் அதை ஏற்றுமதி செய்வதுண்டு. கமிட்டுக்கு முன் சோதனை ஓட வேண்டும் என்று கொக்கி மாட்டியிருப்பவர்களுக்கு, தற்காலிகக் களஞ்சியத்தில் நடக்க வேண்டிய கமிட் உண்மையான களஞ்சியத்தில் போய் விழும். தோற்ற சோதனையையாவது பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது.

பழையமரம்:
சோதனைக்குருவியின் யோசனை சரியானது, ஆனால் அதை மட்டும் அனுப்பினால் எனக்குச் சம்மதம் இல்லை.

என்ன நடந்தது என்று பாருங்கள். சூழலைத் தனிமைப்படுத்தியதும் கிளைப் பெயர்ச் சோதனை தேறிவிட்டது. கருவி திருந்தியதா? இல்லை, அது இன்னும் அதே கோப்பைத்தான் படிக்கிறது. ரெஃப்டேபிள் வைத்திருக்கும் பயனர் வெளியீடு செய்தால் அவருடைய பொதியின் பெயரிலேயே ‘.இன்வாலிட்’ ஏறும், சோதனைகள் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே. உண்மையைச் சொன்ன ஒரே சோதனையின் வாயை நாம் அடைத்திருக்கிறோம்.

இங்கே சிக்கியிருப்பவை இரண்டு பிழைகள். சோதனை பயனரின் அமைப்பைக் கசியவிடுகிறது என்பது ஒன்று. கருவி கிட்டின் உள்கோப்புகளைத் தொடுகிறது என்பது மற்றொன்று. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது இன்றைக்கு வெளியே வந்தே இருக்காது. இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதினால், எளிதான முதலாவதைத் திருத்திவிட்டு அறிக்கையை மூடிவிடுவார்கள். தனித்தனியாக எழுதுங்கள். கருவியின் பிழையை முதலில் அனுப்புங்கள்.

சோதனைக்குருவி:
ஏற்கிறேன், ஒரு சேர்க்கையோடு. தனிமைப்படுத்திய பிறகு, ரெஃப்டேபிளை வேண்டுமென்றே கேட்டு உருவாக்கும் களஞ்சியத்தில் அதே சோதனையை இன்னொரு முறை ஓட்ட வேண்டும். ‘கிட் இனிட்’ கட்டளையில் ரெஃப்டேபிள் வடிவத்தைக் கேட்பது 2.45 முதல் முடியும். சேவையகத்தில் அதைவிடப் பழைய கிட் இருந்தால் அந்த ஓட்டத்தைத் தவிர்த்துவிடலாம், தோல்வி என்று காட்ட வேண்டியதில்லை. யாரோ ஒருவரின் அமைப்புக் கோப்பில் தற்செயலாக இருந்தது, இப்போது தெரிந்தே செய்யும் சோதனையாகிவிடும்.

வேர்க்கிளை:
முதல் அறிக்கையின் வரைவு. கருத்துச் சொல்லுங்கள்.

‘தலைப்பு: கிட் 2.51-இல் பரிசோதனை அம்சங்களை இயக்கினால் கிளைப் பெயர்ச் சோதனை தோற்கிறது. கிட் 2.51 நிறுவிய பிறகு இந்தச் சோதனை தோற்கத் தொடங்கியது. நீண்ட தேடலுக்குப் பின் என் பொது அமைப்பில் உள்ள பரிசோதனை வரியே காரணம் என்று தெரிந்தது. ரெஃப்டேபிள் இன்னும் முழுமையாகத் தயாராகவில்லை என்று நினைக்கிறேன். கருவி ‘ஹெட்’ கோப்பை நேரடியாகப் படிப்பதும் காரணமாக இருக்கலாம். சோதனைப் பதிவு முழுவதையும் இணைத்துள்ளேன்.’

இரும்புப்பூட்டு:
பராமரிப்பாளர் கண்ணோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தலைப்பில் ‘பரிசோதனை’ என்பதைப் பார்த்ததுமே என் கை ‘மூடு’ பொத்தானுக்குப் போகும். எது உடைந்தது என்பதைத் தலைப்பில் வையுங்கள், எதை இயக்கினீர்கள் என்பது உள்ளே வரட்டும். தேடிய கதை வேண்டாம். ரெஃப்டேபிள் தயாரா இல்லையா என்ற அபிப்பிராயமும் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஐந்து பேர் சண்டை போடுவார்கள், பிழை அப்படியே கிடக்கும். ‘காரணமாக இருக்கலாம்’ என்ற தயக்கம் எதற்கு? கோப்பைத் திறந்து பார்த்துவிட்டீர்களே.

பதிவு முழுவதையும் இணைக்காதீர்கள். சோதனையை ஓட்டாமலேயே பிழையைக் காட்ட முடியும் என்றால் அதுதான் எனக்கு வேண்டும். ரெஃப்டேபிள் வடிவத்தில் வெற்றுக் களஞ்சியம் உருவாக்கு, அதில் கருவியை ஓட்டு, இது வந்தது, இது வர வேண்டும். என் அமைப்புக் கோப்பைத் தொடாமல் என் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க முடிந்தால் ‘ஆதரவு இல்லை’ என்று சொல்ல எனக்கே வாய் வராது.

கட்டளைவரி:
கிட்டோடு வரும் ‘பக்ரிப்போர்ட்’ கட்டளை கேட்கும் கேள்விகளையே சட்டகமாக வைத்துக்கொள்ளலாம். 2.27 முதல் இருக்கிறது. என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கிட் பதிப்பையும் இயங்குதள விவரத்தையும் தானே நிரப்பும். அறிக்கை வேறு திட்டத்துக்குப் போனாலும் சட்டகம் பொருந்தும். ‘டயக்னோஸ்’ தெரிவைச் சேர்த்து உருவாக்கும் சுருக்கப் பொதியைப் பொதுவெளியில் போடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வேர்க்கிளை:
மாற்றிய வரைவு:

‘தலைப்பு: ரெஃப்டேபிள் களஞ்சியத்திலும் கூடுதல் வேலைக் கோப்புறையிலும் கிளைப் பெயர் தவறாக வருகிறது அல்லது வருவதே இல்லை.

செய்தது: ரெஃப்டேபிள் வடிவத்தில், ‘மெயின்’ கிளையோடு புதிய களஞ்சியம் உருவாக்கி அதற்குள் கருவியை ஓட்டினேன். எதிர்பார்த்தது: ‘மெயின்’. வந்தது: ‘.இன்வாலிட்’. வழக்கமான வடிவத்தில் உள்ள களஞ்சியத்தின் கூடுதல் வேலைக் கோப்புறையில் ஓட்டினால் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று நிற்கிறது.

காரணம்: கருவி ‘ஹெட்’ கோப்பை நேரடியாகப் படிக்கிறது. முதல் வடிவத்தில் அந்தக் கோப்பில் இருப்பது போலிப் பெயர். இரண்டாவதில் அந்த இடத்தில் கோப்பே இல்லை.

குறிப்பு: கிட் 2.51 முதல் ‘ஃபீச்சர்.எக்ஸ்பெரிமென்டல்’ இயக்கியிருப்பவர்களின் புதிய களஞ்சியங்கள் தாமாகவே ரெஃப்டேபிளில் உருவாகின்றன. உங்கள் சோதனை ஒன்று பயனரின் பொது அமைப்பைப் படிப்பதால் இது தெரியவந்தது. அதைத் தனி அறிக்கையாக எழுதுகிறேன்.’

இரும்புப்பூட்டு:
இதை மூட மாட்டேன்.

நூலகப்புழு:
தாமதமாக வந்தேன். லிப்கிட்2 என்ற நிரல் நூலகம் வழியாகக் களஞ்சியத்தைத் திறக்கும் எங்கள் திட்டத்திலும் இதே 2.51-க்குப் பிறகு சோதனைகள் தோற்றன. ஆனால் அறிகுறி வேறு. தவறான பெயர் வரவில்லை, ‘ரெஃப்ஸ்டோரேஜ்’ என்ற நீட்டிப்பு எனக்குத் தெரியாது என்று நூலகம் களஞ்சியத்தைத் திறக்கவே மறுத்துவிட்டது. இதுவும் அதே பிழைதானா?

பழையமரம்:
மூலகாரணம் ஒன்றுதான், ஆனால் உங்கள் நூலகம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. ரெஃப்டேபிள் களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பில் வடிவப் பதிப்பு 1 என்று இருக்கும். அந்தப் பதிப்பில், தெரியாத நீட்டிப்பைக் கண்டால் மேற்கொண்டு போகாமல் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நூலகம் விதிப்படி உரக்கச் சொல்லி நிற்கிறது. வேர்க்கிளையின் கருவி அந்த விதியைப் பார்க்காமலேயே உள்ளே புகுந்து, தவறான விடையைச் சத்தமில்லாமல் தந்தது. என்னைக் கேட்டால் உங்களுடையது ஆதரவு கோரும் விண்ணப்பம், வேர்க்கிளையினுடையது பிழை. நூலகத்தில் ஆதரவு வரும்வரை உங்கள் சோதனைகளில் பழைய வடிவத்தை வெளிப்படையாகக் கேட்டு உருவாக்குங்கள்.

வேர்க்கிளை:
இரண்டு அறிக்கைகளும் அனுப்பியாகிவிட்டது. பராமரிப்பாளர் முதலாவதை ஏற்றுக்கொண்டு, திருத்தமும் நீங்களே அனுப்புங்கள் என்கிறார். கோப்பைப் படிப்பதற்குப் பதிலாக எந்தக் கட்டளையைப் பயன்படுத்துவது? ‘ரெவ்-பார்ஸ்’, ‘சிம்பாலிக்-ரெஃப்’, ‘பிராஞ்ச்’ என்று மூன்று வழி கண்ணில் படுகிறது.

கட்டளைவரி:
‘ரெவ்-பார்ஸ்’ வழி, கமிட் இல்லாத புதுக் களஞ்சியத்தில் பிழை காட்டும். கமிட் எந்தக் கிளையிலும் ஒட்டாமல் நிற்கும்போது ‘ஹெட்’ என்ற சொல்லையே கிளைப் பெயர்போலத் தரும். ‘சிம்பாலிக்-ரெஃப்’ கமிட் இல்லாவிட்டாலும் பெயர் தரும், ஒட்டாத நிலையில் தோல்விக் குறியோடு வெளியேறும். ‘பிராஞ்ச்’ கட்டளையின் ‘ஷோ-கரன்ட்’ தெரிவு ஒட்டாத நிலையில் எதையும் அச்சிடாது, ஆனால் 2.22-க்கு முன்பு அது இல்லை.

தானியங்கிச் சேவையகங்கள் பெரும்பாலும் கிளையை அல்ல, குறிப்பிட்ட கமிட்டைத்தான் எடுத்து நிறுத்தும். ஆகவே ஒட்டாத நிலைதான் இந்தக் கருவி அதிகம் சந்திக்கும் நிலை. பழைய நிரல் அங்கே ‘ஹெட்’ கோப்பில் இருக்கும் கமிட் அடையாளத்தை எடுத்திருக்கும். அந்த நடத்தையை நம்பி யாராவது பதிப்புப் பெயர் உருவாக்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பராமரிப்பாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் ‘சிம்பாலிக்-ரெஃப்’ எடுப்பேன். தோல்விக் குறி வந்தால் கமிட் அடையாளத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

சோதனைக்குருவி:
அந்த அடையாளத்தின் நீளம் 40 எழுத்து என்று எங்கேயும் எழுதிவைத்துவிடாதீர்கள். ஷா-256 என்ற நீளமான அடையாள முறையைப் பயன்படுத்தும் களஞ்சியத்தில் அது 64.